சாவி என்னிடம் மட்டும்தான் என்று சொன்னேன்

போன நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நான் வேலை செய்யும் கம்பெனி மொத்தமும் நின்றது. நிறுத்தியது நான்தான்.

சபையாருக்கு என் அன்பு. நான் சாமுவேல். மத்திகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காருகிறவன் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவேதான் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாக எழுதித் தருகிறேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்பட நிறைய இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் கார்களுக்குக் கியர் சாமான் செய்யும் கம்பெனியில் நான் நெட்வொர்க் பார்க்கிறேன். கம்பெனிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் வெளியே இருக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி உண்டு. ஃபயர்வால் என்பார்கள். உள்ளே வருவது, வெளியே போவது எல்லாம் அதன் வழியாகத்தான். எங்களிடம் அது ஜோடியாக இருந்தது. மேல் பெட்டி வேலை செய்யும். கீழ்ப் பெட்டி சும்மா விழித்திருக்கும். மேலது விழுந்தால் கீழது அந்த நொடியே வேலையைப் பிடித்துக்கொள்ளும். கம்பெனியில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

இரண்டும் பழையதாகிவிட்டன. எங்களிடம் சாமான் வாங்கும் கார் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வந்தபோது, ஜனவரி முடிவதற்குள் மாற்றாவிட்டால் ஆர்டர் வரும் இணைப்பையே துண்டித்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். புதுப் பெட்டிகள் இரண்டு வந்தன. மாற்றும் பொறுப்பு என்னுடையது. வேலை நிற்காமல் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சும்மா இருக்கும் கீழ்ப் பெட்டியின் வயர்களைக் கழற்ற வேண்டும். அதனால் ஒன்றும் நிற்காது, ஓடாத பெட்டிதானே. அந்த இடத்தில் புதுப் பெட்டியைத் தயார் செய்துகொண்டு, பிறகு ஒரு நல்ல நேரம் பார்த்து மேல் பெட்டியின் வயர்களைக் கழற்றிப் புதியதன் வயர்களைச் செருக வேண்டும். நிற்பது அந்தச் சில விநாடிதான். முதல் படியில் ஆபத்தே இல்லை என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். யாரிடமும் சொல்லாமல், வேலை நாளில், டீ நேரத்தில் போய்க் கழற்றினேன். தலைக்கனம் என்று அதற்குப் பெயர்.

பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் எங்கள் ரேக்கின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது. என் கை போகாது. ஆகவே வயர்களின் மறுமுனை இருக்கும் முன்பக்கத்து சுவிட்ச் என்னும் இணைப்புப் பெட்டியில்தான் எப்போதும் கழற்றுவேன். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வயர். ஒன்று கம்பெனிக்கு உள்ளே போவது, இன்னொன்று வெளியே போவது. நான்கும் ஒரே நீல நிறம். எது எந்தப் பெட்டியினுடையது என்று நானே என் கைப்பட ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிய சீட்டுகள் முனையில் இருக்கும். கீழ்ப் பெட்டி என்று எழுதியிருந்த இரண்டையும் கழற்றினேன்.

முதலில் கேன்டீன் பில் மெஷின் நின்றது. அப்புறம் டிஸ்பாட்ச்சில் இருந்து ஃபோன். கேட் பாஸ் அடிக்கவில்லை, லாரிகள் வெளியே போக முடியவில்லை. அதற்குள் கியர்களைச் சூடேற்றும் ஃபர்னஸ் பகுதியில் இருந்து ஒருவர் ஓடி வந்தார். ஃபர்னஸின் சூடு நிமிடத்துக்கு ஒரு முறை கார் கம்பெனிக்காரர்களின் கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் பதிவு விட்டுப்போனால் உள்ளே வெந்துகொண்டிருக்கும் சாமான் லாட் முழுவதும் கழிவு.

என்னென்னவோ செய்தேன். வயர்களை இடம் மாற்றி மாற்றிச் செருகினேன், பெட்டிகளை அணைத்துப் போட்டேன், பெட்டி விற்றவர்களுக்கு ஃபோன் செய்தால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. லாரி டிரைவர்கள் வரிசையாக ஹாரன் அடிக்கும் சத்தம் சர்வர் ரூமுக்குள் வரைக்கும் கேட்டது. கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி செருகி, இரண்டு பெட்டிகளையும் மறுபடி போட்டதும் தானாக ஓடியது. இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஏன் நின்றது, ஏன் ஓடியது, இரண்டும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மீட்டிங். என் மேலதிகாரி மஞ்சுநாத் சார் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கத்த மாட்டார். கத்தினால் தேவலை என்று இருக்கும்.

"சாமுவேல், ஓடாத பெட்டிய எடுத்தா ஓடுற பெட்டி ஏன்ப்பா நிக்குது?"

"தெரியல சார். சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு இருக்கும்னு நினைக்கிறேன்."

"உன்னைத் தவிர யாராவது அந்த ரேக்கைத் தொட்டாங்களா? இந்த ஆறு மாசத்துல?"

"இல்ல சார். சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

அது பொய்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் எல்லா மெஷினையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். லேத்திலிருந்து லிஃப்ட் வரை, சர்வர் ரேக்குக்கும் உண்டு. அந்தந்தப் பகுதிப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்று தன் மெஷினைத் துடைக்க வைக்க வேண்டும் என்பது வழக்கம். நான் விசுவாசி. பூஜையில் நிற்க என் மனச்சாட்சி இடம் கொடுக்காது. ஒவ்வொரு வருடமும் நானே முந்தின நாள் ரேக்கைத் துடைத்துப் பூட்டிவிட்டு, பூஜை நேரத்தில் கேன்டீனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அது தவறில்லை. ஆனால் இந்த முறை முந்தின நாள் துடைக்கச் சோம்பல். பூஜை அன்று பக்கத்துக் கட்டடத்தில் மேளச் சத்தம் கேட்டதும், ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒருவர் கையில் ரேக் சாவியைக் கொடுத்து, "துடைச்சு வைங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். கம்பெனியில் எல்லோருக்கும் பொரி கடலை பாக்கெட் கொடுத்து முடிந்த பிறகுதான் திரும்பி வந்தேன். ரேக் பளபளவென்று இருந்தது. நெற்றியில் மூன்று பொட்டு.

சர்வர் ரேக் சாவியைக் கை மாற்றுவது பெரிய குற்றம். ஆடிட்டில் முதல் கேள்வியே அதுதான். வெளியே தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். வாய் தானாகப் பொய் சொன்னது. சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் ஒரு விநாடி வந்து போனது. அதன் பிறகு வரவில்லை. யாரும் தொடவில்லை, யாரும் தொடவில்லை என்று சொல்லிச் சொல்லி அதை நானே நம்பிவிட்டேன். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். பிறருக்குச் சொன்ன பொய் என் கண்ணையே கட்டிவிட்டது.

மஞ்சுநாத் சார் ஜனவரியில் இன்னொரு தேதி கொடுத்தார். பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து பத்தே கால் வரை. ஒரு லாட் இறங்கி அடுத்த லாட் சூடேறும் நேரம் அது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம் கூடக் கிடையாது.

"இந்த வாட்டி நின்னா பெங்களூர் ஆபீஸ் டீம் வந்து எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க. அப்புறம் இங்க உனக்கு என்ன வேலைன்னு மேல கேப்பாங்க. என்கிட்ட பதில் இருக்காதுப்பா" என்றார்.

எனக்கு நாற்பத்தேழு வயது. காவேரிப்பட்டினத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டிப் பெருக்கிக்கொண்டே கற்றுக்கொண்ட தொழில் இது. கையில் பட்டம் இல்லை, சர்டிஃபிகேட் இல்லை. பழைய நண்பர்கள் இரண்டு பேருக்கு ஃபோன் செய்து வேலை கேட்டேன். ஒருவன், "அண்ணா, இப்பல்லாம் முப்பதுக்கு மேலயே எடுக்க மாட்டேங்கறாங்க" என்றான். இன்னொருவன் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றான். கூப்பிடவே இல்லை.

அந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பழைய பெட்டிகளின் பதிவுகளை வரி வரியாகப் படித்தேன். தமிழில் கோளாறு, கன்னடத்தில் கோளாறு, ஆங்கிலத்தில் கோளாறு என்று எங்கெங்கோ தேடினேன். எதிலும் காரணம் இல்லை. எந்த வயர் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று சுவிட்சிலேயே பார்க்கலாமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். பார்க்கலாம். ஆனால் அந்த சுவிட்சின் பாஸ்வேர்டு பெங்களூர் டீம் கையில் இருக்கிறது. கேட்டால் ஏன் என்பார்கள். அதுவும் போக, சீட்டில் இருப்பது என் கையெழுத்து. சொந்தக் கையெழுத்தை எவன் சந்தேகப்படுவான்?

கிறிஸ்மஸ் வந்தது, போனது. எல்லோரும் பாடினீர்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். நம் சபைப் போதகர் ஐயர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. என் ஜெபம் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக்கூடத் தாண்டவில்லை என்றுதான் நினைத்தேன். பல நாள் ஜெபிக்கவே இல்லை. முழங்கால் போட்டு, கண்ணை மூடி, வயர்களையே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்துவிடுவேன்.

என் மனைவி எஸ்தர் தையல் கம்பெனிக்குப் போகிறாள். வீட்டில் நான் வாயே திறக்காததைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஏங்க, வேலை போனா போவட்டும். நான் ரெண்டு டூட்டி பாக்கறேன். ஆனா நீங்க இப்படி இருந்தீங்கன்னா எனக்குப் பயமா இருக்குதுங்க."

"சாப்பிடறேன், விடு."

"சாப்பாட்டைச் சொல்லல. என்கிட்ட ஏதோ மறைக்கறீங்க."

ஒன்றும் இல்லை என்றேன். அது இரண்டாவது பொய்.

அந்த ஞாயிறு வந்தது. நமக்குத் திருவிருந்து ஞாயிறு அது. எஸ்தர் சபைக்குக் கிளம்பும்போது, "சரியா பத்து மணிக்கு சபையில எல்லாரும் உங்களுக்காக ஜெபம் பண்றோம்னு ஐயர் சொல்லியிருக்கார்" என்றாள். சரி என்றேன். உள்ளுக்குள், பண்ணுங்கள், என்ன ஆகப் போகிறது என்று இருந்தது. ஆண்டவர் முன்னால் சொல்கிறேன், எனக்கு ஒரு கடுகளவும் நம்பிக்கை இருக்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். அனுப்பப்படுவதற்கு முன்னால் நானே போய்விட்டால் கொஞ்சம் மானமாவது மிஞ்சும் என்று கணக்கு.

ஒன்பது மணிக்கு சர்வர் ரூமைத் திறந்தேன். புதுப் பெட்டிகள் பக்கத்து மேசையில் விளக்கு எரிய, புது வயர்களோடு தயாராக இருந்தன. ரேக் கதவைத் திறந்தேன். நவம்பரில் கழற்றிய அதே இரண்டு வயர்களைத்தான் இன்றும் கழற்ற வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியாது. அதே கிணற்றில் மறுபடி குதிக்கப் போகிறோம் என்று தெரிந்தது. ஒரு வயரின் முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் வந்தது. "ஆண்டவரே, எனக்குத் தெரியல. எனக்கு ஒன்னுமே தெரியல" என்றேன். அந்த இரண்டு மாதத்தில் நான் உண்மையாகச் சொன்ன ஜெபம் அது ஒன்றுதான்.

கதவு திறந்தது. வாளியும் மாப்புமாக ரத்னம்மா நின்றார். ஆயுத பூஜை அன்று நான் சாவி கொடுத்த அதே அம்மா. ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான தேகம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"அய்யோ சார், நீங்க இருக்கீங்களா? நான் அப்புறமா வரேனுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு டூட்டி இல்லையேம்மா?" என்று கேட்டேன். கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"இல்லைங்க சார். எங்க ஊரு சானமாவு பக்கம். நேத்து ரோட்டோரத்துல ஏழெட்டு யானைங்க நின்னுச்சு. ஃபாரஸ்ட்டுக்காரங்க ஒருத்தரையும் விடல. நேத்து லீவு ஆயிடுச்சு, அதுக்குப் பதிலா இன்னைக்கு வரச் சொன்னாங்க."

சொல்லிக்கொண்டே என் கையில் இருந்த வயரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சார், அந்தச் சீட்டு மறுபடியும் விழுந்துருச்சுங்களா?"

"எந்தச் சீட்டு?"

"அதாங்க சார், வயருல ஒட்டியிருக்குதே. பூஜை அன்னைக்கு ஈரத் துணியில துடைக்கச் சொல்ல நாலும் துணியோட வந்துருச்சு. எனக்குக் கை காலு ஓடல. காய வெச்சு, டேப்பு வாங்கியாந்து ஒட்டிட்டேன்."

நான் எழுந்து நின்றேன். "எது எதுல இருந்ததுன்னு பார்த்து ஒட்டினீங்களா?"

"எனக்கு இங்கிலீஷு தெரியாதுங்களே சார். வரிசையா ஒட்டிட்டேன்."

வயரின் முனையைக் கண் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் கையெழுத்து. அதன் மேல் டேப். டேப்புக்கு அடியில், மேலே அல்ல, அடியில், சந்தனம் பட்ட விரல் ரேகை ஒன்று காய்ந்துபோய் இருந்தது. இரண்டு மாதமாக அந்தச் சீட்டைத் தினமும் பார்த்தேன். அந்த ரேகை தினமும் அங்கேதான் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. உள்ளே போகும் வயர்களின் இரண்டு சீட்டும் இடம் மாறியிருந்தால், கீழ்ப் பெட்டியின் வயர்கள் என்று நினைத்து நான் கழற்றியது கீழ்ப் பெட்டியிலிருந்து ஒன்று, மேல் பெட்டியிலிருந்து ஒன்று. இரண்டு மாட்டு வண்டிகளிலும் வண்டிக்கு ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டி ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறேன்.

"ஏன்ம்மா என்கிட்ட சொல்லல?" குரல் உயர்ந்துவிட்டது. உடனே வெட்கமாக இருந்தது.

ரத்னம்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கூப்பினார். "பயம் சார். அன்னைக்குக் கம்பெனியே நின்னுச்சே, என்னாலதான்னு நினைச்சேன். ரேக்கை யார் தொட்டாங்கன்னு மீட்டிங்ல கேட்டாங்களாம், நீங்க என் பேரைச் சொல்லவே இல்லையாம். டீ கொண்டுபோன பொண்ணு சொல்லுச்சு. என்னைக் காப்பாத்தறதுக்குத்தானே சார் சாவி உங்ககிட்டயே இருக்குதுன்னு சொன்னீங்க? எனக்கு ஆம்பளத் துணை இல்லைங்க. இந்த வேலை போனா ஒன்னுமே இல்லை. அன்னையிலேர்ந்து வாரா வாரம் எங்க ஊரு மாரியம்மாகிட்ட உங்க பேரு சொல்லி விளக்கு வைக்கறேன் சார். அவரு நல்லா இருக்கணும், அவருக்கு ஒன்னும் ஆவக்கூடாதுன்னு."

சபையாரே, இதை எழுதலாமா கூடாதா என்று மூன்று வாரம் யோசித்தேன். ஒரு விசுவாசியின் சாட்சியில் இது வரலாமா என்று கேட்பவர்கள் கேட்பீர்கள். விட்டுவிட்டால் என் சாட்சி பாதி பொய்யாகிவிடும். எனக்குப் பொய் போதும். நான் முழங்கால் போட்டு வயரை நினைத்துக்கொண்டிருந்த நாட்களில், என்னை நல்லவன் என்று நம்பி ஒரு அம்மா தனக்குத் தெரிந்த விதத்தில் எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார். நானோ அவரைக் காப்பாற்றவே இல்லை. மீட்டிங் அன்று அவர் பெயர்கூட எனக்கு நினைவில் வரவில்லை. அந்த இடத்தில் யாராவது என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மணி ஒன்பது முப்பத்தைந்து. அழ நேரம் இல்லை.

"ரத்னம்மா, அன்னைக்கு ரேக்குக்குப் பின்னாடி எப்படித் துடைச்சீங்க? அங்க கை போகாதே."

"எனக்குப் போவுதுங்க சார்." தன் மெல்லிய கையை நீட்டிக் காட்டினார்.

சுவருக்கும் ரேக்குக்கும் நடுவில் அவர் கை தோள் வரை போனது. மேல் பெட்டியின் வலது ஓட்டையில் இருக்கும் வயரை மெதுவாக அசைக்கச் சொன்னேன். நான் முன்பக்கம் உட்கார்ந்து நான்கு நீல வயர்களையும் கண் கொட்டாமல் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி அது. கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் பத்து மணிக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும்.

"மெதுவாம்மா. மெதுவா. பூவைத் தொடற மாதிரி."

"அசைக்கறேங்க சார். தெரியுதா?"

வயர்களைச் சேர்த்துக் கட்டு போட்டு இறுக்கியிருந்ததால் எதுவும் அசையவில்லை. சின்ன கட்டரைக் கொடுத்தேன். பின்னால் இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக, தடவிப் பார்த்தே வெட்டினார். மறுபடி அசைத்தார். மூன்றாவது வயர் நடுங்கியது. அதில் கீழ்ப் பெட்டி என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

நான்கையும் பார்த்து முடித்தோம். உள்ளே போகும் வயர்கள் இரண்டும்தான் மாறியிருந்தன. பழைய சீட்டுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதுசாக எழுதி ஒட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்து மஞ்சுநாத் சார் வந்தார். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. ரத்னம்மாவின் கை இன்னும் ரேக்குக்குப் பின்னால் இருந்தது.

"ஏனு இது? சாமுவேல், இவங்க யாரு? ரேக்ல இவங்களுக்கு என்ன வேலை?"

ரத்னம்மா சட்டென்று கையை வெளியே எடுத்தார். "சார், நான்தான்..." என்று தொடங்கிவிட்டார்.

சபையில் அப்போது திருவிருந்துக்கு முன் ஜெபம் நடந்துகொண்டிருந்திருக்கும். பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தரை துடைக்க வந்தாங்க சார், டார்ச் பிடிக்கச் சொன்னேன். அவ்வளவு சொன்னால் போதும். காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது, வேலையும் முடிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடலாம்.

ரத்னம்மா என்னைப் பார்த்தார். இரண்டு மாதமாக அவர் எந்த மனிதனுக்கு விளக்கு வைத்தாரோ அந்த மனிதனைத் தேடித்தான் பார்த்தார்.

"சார், மீட்டிங்ல நான் பொய் சொன்னேன்" என்றேன். "ஆயுத பூஜை அன்னைக்கு ரேக் சாவிய நான் வேற ஆள் கையில குடுத்துட்டுப் போயிட்டேன். துடைச்சப்ப சீட்டு விழுந்து மாறிப் போச்சு. துடைச்சவங்க மேல ஒரு தப்பும் இல்ல. பக்கத்துல நிக்க வேண்டியவன் நான். இன்னைக்கு இவங்க உதவியாலதான் எது எந்த வயர்னு கண்டுபிடிச்சேன்."

மஞ்சுநாத் சார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது ஐம்பத்தாறு.

"இப்ப மாத்தினா நிக்காதா?"

"நிக்காது சார்."

"நவம்பர்லயும் இதையேதான்ப்பா சொன்ன."

அவர் ஃபோனை எடுத்து ஃபர்னஸ் பகுதியைக் கூப்பிட்டார். "ரெடியா? ஆரம்பிக்கறோம்" என்றார். என்னிடம், "மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார்.

சரியாகப் பத்து மணி. கீழ்ப் பெட்டியின் வயர்கள் இரண்டையும் கழற்றினேன். ஒன்றும் நிற்கவில்லை. நவம்பரில் இதே இடத்தில்தான் எல்லாம் செத்தது. மஞ்சுநாத் சார் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே தலையசைத்தார். பழைய மேல் பெட்டியின் வயர்கள் இரண்டையும் கழற்றினேன். இப்போது கம்பெனிக்கு வெளியுலகம் கிடையாது. புதுப் பெட்டியின் முதல் வயரைச் செருகினேன். இரண்டாவது வயரைச் செருகினேன். சிவப்பு விளக்கு. சிவப்பு விளக்கு. சிவப்பு. "இயேசப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அதிகாரி பக்கத்தில் இருக்கிறார் என்றும் பார்க்கவில்லை. பச்சை வந்தது.

நாற்பது விநாடி. ஃபர்னஸ் பதிவில் ஒரே ஒரு நிமிடத்து வரி மட்டும் காலியாக இருந்தது. இரண்டாவது புதுப் பெட்டியையும் ஜோடி சேர்த்து முடித்தபோது மணி பத்து பதினொன்று. ரத்னம்மா மூலையில் மாப்பைப் பிடித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று தெரியாமலே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதோடு சாட்சி முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. திங்கட்கிழமை நான் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். யாரிடம் சாவி கொடுத்தேன் என்று மேலே கேட்டார்கள். கொடுத்தது என் தவறு, பெயர் தேவையில்லை என்று எழுதினேன். என் ஃபைலில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று ஏறிவிட்டது. ரேக் சாவி இப்போது என்னிடம் இல்லை, பெங்களூர் டீமிடம் கேட்டு வாங்கித்தான் திறக்க வேண்டும். அடுத்த வருடம் வரும் என்று காத்திருந்த பதவி உயர்வு இனி வராது. மஞ்சுநாத் சார் ரத்னம்மாவின் பெயரைத் தெரிந்தே எங்கும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொன்னபோது, "போப்பா, போய் வேலையப் பாரு" என்றார். சட்டைப் பையில் இருந்த ராஜினாமாக் கடிதத்தை எஸ்தர் துணி துவைக்கும்போது கண்டுபிடித்தாள். அன்றைக்குத்தான் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. தட்டை வைத்தாள், நான் சாப்பிட்டேன்.

வேலை இருக்கிறது. அது ஆண்டவர் கொடுத்தது. யானைக் கூட்டத்தை ரோட்டில் நிறுத்தி ஒரு அம்மாவை ஒரு நாள் தள்ளி என் கதவுக்கு அனுப்பியவர் அவர். ஆனால் நான் கேட்டது வயருக்குப் பதில். அவர் கொடுத்தது அது மட்டும் அல்ல. என்னை ஒரு அம்மா தன் மனதில் எப்படி வைத்திருந்தாரோ அந்த மனிதனாக ஒரு ஐந்து நிமிடமாவது நிற்க வைத்தார்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான் கேன்டீனுக்குப் பின்னால் போகப் போவதில்லை. பூஜையில் சேர மாட்டேன், அது என் விசுவாசம். ஆனால் முந்தின நாளே துணி எடுத்துக்கொண்டு, ரத்னம்மாவோடு சேர்ந்து என் ரேக்கை நானே துடைப்பேன். அவர் கை போகும் இடத்தை அவர், என் கை போகும் இடத்தை நான்.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஜெபிக்க முடியாமல் முழங்காலில் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களா? எனக்குத் தெரியும் அது. நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், எனக்கு அது கடைசி வரை வரவில்லை. தெரியவில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் கதவு திறந்தால், வாளியோடு யார் நின்றாலும், உள்ளே வரச் சொல்லுங்கள்.